இடப்பக்கச் செயின்

எப்போதும் இடப்பக்கச் செயின்தான் கழலும். வலப்பக்கச் செயின் அந்த இரண்டு வருடத்தில் மூன்றே முறைதான் கழன்றது. மூன்றுக்கும் காரணம் என் தம்பி. இடப்பக்கத்துக்குக் காரணமே தேவையில்லை. வாசற்படி ஏறினால் கழலும், மிதியடி மேல் திரும்பினால் கழலும், வேப்பங்கொட்டை ஒன்று நடுவில் அகப்பட்டால் கழலும். ஒன்றுமே இல்லாத சமதரையில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது, யாரோ கூப்பிட்ட மாதிரி, கழன்று சுருண்டு விழும். விழுந்த பிறகும் தம்பி ரிமோட்டை விடமாட்டான். ஒரு பக்கம் மட்டும் ஓடி, டாங்கி தன்னைத்தானே பிரதட்சிணம் செய்துகொண்டிருக்கும். "அக்கா, மறுபடியும்!" என்று கத்துவான். அவன் ஓட்டுவான், நான் மாட்டுவேன். எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் அது.

2004. எனக்கு 11 வயது, அவனுக்கு 8. ஆவடியில் எச்.வி.எஃப். குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்தத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965இல். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது விஜயந்தாவின் கடைசிக் காலம். பிறகு சோவியத் யூனியனின் டி-72 வந்தது, அஜேயா என்று பெயர் வைத்தார்கள். நான் சொல்கிற அந்த வருடத்தில்தான் அர்ஜுன் டாங்கிகளில் முதல் ஐந்து ராணுவத்துக்குப் போயின. இதெல்லாம் பேப்பரில் படித்தும் பக்கத்து வீடுகளில் கேட்டும் தெரிந்துகொண்டவை. அப்பா வீட்டில் தொழிற்சாலையைப் பற்றி வாய் திறக்கமாட்டார். சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். "இன்னைக்கு என்னப்பா பண்ணுன?" என்றால் "வேலை" என்பார். சில நாள் மதிலுக்கு அப்பால் எஞ்சின் உறுமும், ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்கும். "அது என்ன வண்டிப்பா?" என்றால் "பெரிய வண்டி." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது.

அப்படிப்பட்ட ஊருக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் மாமா, மே மாத லீவுக்கு வந்தபோது ரிமோட் டாங்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதை. தம்பிக்கென்றுதான் வாங்கி வந்திருந்தார். எனக்கு ஒரு வாட்டர் பாட்டில்.

சின்னப் பொம்மை இல்லை அது. நிஜ டாங்கியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கியது. பீரங்கியோடு அளந்தால் ஒரு முழத்துக்கு மேல் வரும், தூக்கினால் கை இறங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஓட்டிய டைகர். மேல்மூடி சுற்றும், பீரங்கி ஏறி இறங்கும், 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடும். குண்டுகளை முதல் நாளே அம்மா வாங்கிப் பருப்பு டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டாள். சார்ஜரின் பின் சதுரமாக இருந்ததால் எங்கள் வீட்டு பிளக்கில் நுழையவில்லை. பஜாரில் அடாப்டர் வாங்கிவர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் தம்பி டாங்கியைக் கையால் தள்ளிக்கொண்டு வாயால் உறுமினான். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நாளும் செயின் கழலாமல் ஓடியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா முதல் முறையாக அதைக் கையில் எடுத்தார். எல்லோரும் பீரங்கியைப் பார்ப்பார்கள், பெயின்டைப் பார்ப்பார்கள். அப்பா அதைத் தலைகீழாகப் புரட்டினார். செயினை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். புருவம் ஏறியது.

"முன்னாடியா இழுக்குது?"

அவ்வளவுதான் சொன்னார். கீழே வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அவர் கையால் செய்த வண்டிகள் எல்லாவற்றிலும், விஜயந்தாவானாலும் டி-72 ஆனாலும் அர்ஜுனானாலும், செயினை இழுக்கிற பல்சக்கரம் பின்பக்கம் இருக்கும். இந்த ஜெர்மன் வண்டியில் அது முன்பக்கம். வாழ்நாள் முழுக்க வலதுகையால் சாப்பிட்டவர் முன்னால் ஒருவன் இடதுகையால் சாதம் பிசைந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்திருக்கிறார்.

ஜூன் பிறந்தது, வேப்பம்பழம் உதிர ஆரம்பித்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு வேப்பமரம். பழத்தைக் காக்கை தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். அந்தக் கொட்டை அளவெடுத்துச் செய்தது போல, பல்சக்கரத்தின் இரண்டு பல்லுக்கு நடுவே உட்காரும். செயின் அதன் மேல் ஏறும், பல்லை விட்டு எழும்பும், அடுத்த நொடி வெளியே. முன்பக்கம் இழுக்கிற வண்டிக்கு இன்னொரு சாபம் உண்டு. முன்னால் போகும்போது செயின் தளர்ந்து தொங்குவது பல்சக்கரத்துக்கும் முதல் தரைச் சக்கரத்துக்கும் இடையில்தான். அதாவது தரையிலுள்ள கொட்டை, கல், செருப்புப் பட்டை எல்லாவற்றுக்கும் வாய் திறந்து காத்திருக்கிற இடத்தில்.

வீட்டுக்குள் வேறு வகைப் பகை. டைகரின் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து அடுக்கடுக்காக இருக்கும், பூ தொடுத்த மாதிரி. பூ என்றதும் நினைவு வருகிறது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவாள், அறுந்த நார் தரையில் கிடக்கும். டாங்கி அதை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துக்கொள்ளும். என் தலைமுடியும் போகும். வாரம் ஒருமுறை ஹேர்பின்னை நிமிர்த்தி, சக்கரங்களின் இடுக்கில் விட்டு, சுருள் சுருளாக நாரும் முடியும் எடுப்பேன். எடுக்க எடுக்க வரும். உள்வரிசைச் சக்கரத்தில் சுற்றியிருந்தால் வெளிவரிசையைக் கழற்றாமல் முடியாது. பல வருடம் கழித்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. நிஜ டைகரிலும் அதே அவஸ்தைதான். உள்ளே ஒரு சக்கரத்தை மாற்ற வெளியே பலவற்றைக் கழற்ற வேண்டும். ரஷ்யப் போர்முனையில் அந்த அடுக்குகளுக்குள் புகுந்த சேறு ராத்திரி உறைந்து, காலையில் வண்டி நகராமல் நின்றிருக்கிறது. அவர்களுக்குச் சேறு, எனக்கு மல்லிகை நார்.

கொட்டையைப் பொறுக்கிவிட்டேன், நாரை எடுத்துவிட்டேன், இடப்பக்கம் அப்போதும் கழன்றது. வைத்தியத்தில் இறங்கினேன். நான் செய்த இரண்டு வைத்தியத்தையும் இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலாவது தேங்காய் எண்ணெய். வாசற்கதவு கீல் கிறீச்சிட்டால் பாட்டி அதைத்தான் விடுவாள். ஒரு கரண்டி எடுத்து, பஞ்சில் தோய்த்து, இரண்டு செயினுக்கும் கண்ணி கண்ணியாகத் தடவினேன். பளபளவென்று இருந்தது. தம்பி வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது செயினைக் காணோம், மணல்தான் இருந்தது. எண்ணெயும் மணலும் சேர்ந்து, பித்தளை துலக்குகிற பொடி மாதிரி, பின் ஓட்டைகளில் எல்லாம் புகுந்து அரைத்துக்கொண்டிருந்தது. சீயக்காய் போட்டுக் கழுவினேன். அம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை.

இரண்டாவது வைத்தியம் மோசம். செயின் தொளதொளவென்று இருப்பதால்தான் கழலுகிறது, இறுக்கினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. சைக்கிள் செயினுக்கு அண்ணன்மார் அப்படித்தான் செய்வார்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே மெல்லிய கம்பிப் பின் ஒன்று ஓடும். குண்டூசியின் தலையை வைத்துத் தள்ளி, மறுபக்கம் எட்டிப் பார்த்த நுனியை மூக்குக் குறடால் பிடித்து இழுத்து, இடப்பக்கத்தில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டேன். எடுத்த கண்ணியை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டேன். மறுபடி மாட்டுவதற்குள் நகக்கண் இரண்டு கிழிந்தது. ஆனால் மாட்டிய பிறகு செயின் வீணைத் தந்தி மாதிரி நின்றது. தட்டினால் ஒலி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாங்கி இழுக்க முடியாமல் முனகியது. பேட்டரி வழக்கத்தில் பாதி நேரத்தில் தீர்ந்தது. இடப்பக்கம் பின்தங்கியதால் நேராக விட்டாலும் இடப்பக்கமே திரும்பியது, தம்பி ரிமோட்டை ஓரமாகப் பிடித்து ஓட்டக் கற்றுக்கொண்டான். உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தாண்டிக் 'கடகட'வென்று ஒரு சத்தம். ஒரு வாரம் கழலவில்லை. எட்டாம் நாள் முன்னைவிடச் சுலபமாகக் கழன்றது. இறுக்கமாக இருந்த செயின் எப்படிக் கழலும் என்று எனக்குப் புரியவேயில்லை.

இவ்வளவு நாளும் அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தினமும் டாங்கிகளோடு மல்லாடிவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர், பொம்மை டாங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகளைத் தாண்டிப் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். கேட்கவும் மாட்டேன்.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு அப்பாவின் சொந்தக் கருவிப் பெட்டியைக் கூடத்தில் பரப்பினோம். ஸ்பானர், அரம், சுத்தியல், ஒரு அடி நீளத்தில் எஃகு ஸ்கேல், அம்மாவின் அரிவாள்மனை, தையல் மிஷின், எங்கள் புத்தகங்கள், சைக்கிள். வரிசையின் கடைசியில் டைகர். தம்பிதான் அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டான். நெற்றி எது என்று தெரியாமல் பீரங்கி முனைக்கே இட்டுவிட்டான். சூடம் காட்டி முடிந்ததும் வாசலில் சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அடுத்து என் தம்பி இரண்டு எலுமிச்சம்பழத்தோடு டாங்கி முன்னால் குந்தினான். "இதுவும் வண்டிதானே?"

சைக்கிளுக்குப் பழம் நசுங்கும். மூன்று நான்கு கிலோ டாங்கிக்கு நசுங்குமா? பக்கத்து வீட்டார் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். தம்பி ரிமோட்டைத் தள்ளினான். டைகர் இரண்டு பழத்தின் மேலும் முன்னங்காலைத் தூக்கியது, எழுந்தது, மூக்கு வானத்தைப் பார்த்தது. வலப்பக்கப் பழம் உருண்டு வழிவிட்டது. இடப்பக்கப் பழம் பிடிவாதமாக நின்றது. வண்டி முழுக்கச் சாய்ந்து, இடப்பக்கச் செயின் முதலில் பின்பக்கக் கடைசிச் சக்கரத்திலிருந்து உள்பக்கமாக நழுவியது. அப்புறம் ஒவ்வொரு சக்கரமாக விட்டுவிட்டு, முழுசாக உரிந்து, பாம்புச் சட்டை மாதிரி எலுமிச்சம்பழத்தின் மேல் விழுந்தது. கூட்டம் சிரித்தது. தம்பிக்கு அழுகை முட்டிவிட்டது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்தார். "பின்னாடி இருந்துதான் நழுவுச்சு, பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார். தம்பியிடம் கேட்கவில்லை. என்னிடம்தான்.

"பாத்தேன்பா."

"முன்னாடி இல்ல. பின்னாடி." பெட்டியை நோக்கிக் கை நீண்டது, பாதியில் நின்றது. "இன்னைக்குச் சாமானைத் தொடக்கூடாது. நாளைக்கு."

பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி அன்று மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அந்த ஒரு ராத்திரி எனக்கு ஒரு வருடமாகப் போயிற்று.

காலையில் பொரிகடலை கொறித்துக்கொண்டே ஆரம்பித்தோம். ஸ்பானரை எடுப்பார் என்று பார்த்தால், முதலில் ஒரு கேள்வியை எடுத்தார். "ரெண்டு ட்ராக்கும் ஒண்ணாப் பொறந்தது. ஒரே பிளாஸ்டிக், ஒரே அச்சு. ஒண்ணு மட்டும் ஏன் கழலுது?" அப்பா செயின் என்று சொல்லமாட்டார். ட்ராக். நாங்கள்தான் செயின்.

"அது கெட்டுப்போச்சு."

"எதுன்னு தெரியுமா? ட்ராக்கா, பாடியா?"

தெரியாது. "மாத்திப் போடு" என்றார். இடப்பக்கச் செயினை வலப்பக்கமும் வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாட்டச் சொன்னார். குற்றம் செயினுடையது என்றால் செயினோடு கூடவே வலப்பக்கம் போகும். வண்டியுடையது என்றால் இடப்பக்கமே தங்கும். நான் எடுத்திருந்த கண்ணியை ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கொண்டுவந்து முதலில் அந்தச் செயினில் சேர்த்தோம், இரண்டும் சமமானது. மிதியடி மேல் நிறுத்தி நின்ற இடத்திலேயே சுற்றவிட்டோம். தேங்காய்நார் மிதியடிதான் செயினுக்குக் கொடுமையான பரீட்சை. தரை வழுக்கினால் செயின் பக்கவாட்டில் சறுக்கித் தப்பித்துவிடும். நார் பிடித்துக்கொண்டு விடாது, பக்கவாட்டு இழுப்பு முழுக்கச் சக்கரத்தின் மேல் விழும். மூன்றாம் சுற்றில் கழன்றது. இடப்பக்கம்தான்.

நல்ல செயின், இதுவரை ஒரு குற்றமும் செய்யாத வலப்பக்கச் செயின், இடம் மாறியதும் கழன்றுவிட்டது. இத்தனை மாதமாக நான் எண்ணெய் தடவியதும் திட்டியதும் இறுக்கியதும் ஒரு நிரபராதியை.

அப்புறம் எஃகு ஸ்கேலை எடுத்தார். செயினைக் கழற்றிவிட்டு, இடப்பக்க வெளிவரிசைச் சக்கரங்களின் வெளிமுகத்தில் நீளவாக்கில் ஒட்டினாற்போல் வைத்தார். பிறகு வண்டியின் பின்னால் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தச்சர் பலகையின் நேரைப் பார்க்கிற மாதிரி. என்னையும் படுக்கச் சொன்னார். பார்த்தேன். வெளிச்சம் ஸ்கேலுக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கீற்றாக வந்தது. மற்றச் சக்கரங்கள் நிமிர்ந்து நின்றன. கடைசிச் சக்கரம் மட்டும், உறங்கி விழுகிற பையன் மாதிரி, தலையை உள்பக்கம் சாய்த்திருந்தது.

"ஐட்லர்" என்றார் அப்பா. "எஞ்சின் இத ஓட்டாது, சும்மா சுத்தும், அதனால ஐட்லர்னு பேரு. ஆனா நம்ம வண்டில இழுக்கிறது பின்னாடி. கீழ தரையில கிடக்கிற ட்ராக்கைத்தான் நேராப் பிடிச்சு இழுக்கும், மேல போறது தொளதொளன்னு போகும். இதுல முன்னாடி இழுக்குது. அப்ப மேல போறது முழுக்க இழுபடும், அந்த இழுப்பு சுத்தி வந்து யார் மேல விழும்?" விரலால் கடைசிச் சக்கரத்தைத் தட்டினார். "சும்மா சுத்துறவன் மேல."

அடுக்களையிலிருந்து அம்மா, "அப்ப எங்க அண்ணன் ஐட்லர் இல்ல, அவன் மேல ஒரு பாரமும் விழல" என்றாள். மாமாவுக்கு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெயர் நின்றுவிட்டது, பொருத்தமில்லாமலேயே.

நிஜ வண்டியில் அந்த ஐட்லரைத் தாங்குவது தடித்த எஃகு. பொம்மையில் பிளாஸ்டிக் சுவர். அச்சு நுழைகிற ஓட்டையைச் சுற்றி மயிரிழையாக ஒரு விரிசல். அப்பா டார்ச் அடித்துக் காட்டினார். விரிசலின் ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது, புதிதாக விரிந்த பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும். உள்ளே கொஞ்சம் பழையது, அழுக்கேறியது. வெளியே நீண்ட பகுதி புதியது. நான் கண்ணியை எடுத்து வீணைத் தந்தியாக இறுக்கிய வாரத்தில் நீண்டது. செயின் இறுக இறுக ஐட்லர் முன்னால் இழுபட்டுச் சாய்ந்திருக்கிறது, சாயச் சாயச் செயின் உள்ளே வழுக்கப் பாதை கிடைத்திருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை அணைத்தார்.

எம்-சீல் வாங்கிவரத் தம்பி ஓடினான். இரண்டு குச்சியையும் சம அளவு கிள்ளி, தண்ணீர் தொட்டுத் தொட்டு, கோடு தெரியாமல் ஒரே நிறமாகும்வரை நான்தான் பிசைந்தேன். விரல் சூடேறும், ஒரு மாதிரி மருந்து நாற்றம் அடிக்கும். பிஸ்கட் டின் மூடியில் ஒரு பட்டை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அரத்தால் விளிம்பு தேய்த்து அப்பா கொடுத்தார். சுவரின் உள்பக்கம் அந்தத் தகரத்தை வைத்து அதன் மேல் எம்-சீலை அப்பினோம். அச்சு நேராக நிற்க ஐஸ்கிரீம் குச்சி இரண்டை முட்டுக் கொடுத்து, ராத்திரி முழுக்க விட்டுவிட்டோம். காலையில் நகத்தால் குத்திப் பார்த்தேன், கல். அதே தகரத்தில் வளையமாக வெட்டிய வாஷர் இரண்டை ஐட்லருக்குப் பின்னால் போட்டதும் ஸ்கேல் கடைசிச் சக்கரத்தையும் தொட்டது, வெளிச்சக் கீற்று மறைந்தது.

பிறகு செயின் மாட்டக் கற்றுக்கொடுத்தார். நான் இத்தனை நாளும் டாங்கியை மடியில் வைத்து, செயினை அதன் மேல் சுற்றி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நகத்தைக் கிழித்துக்கொண்டவள். "நாப்பது டன் வண்டிய மடியில வெச்சுக்குவியா?" என்றார். செயினைப் பிரித்துத் தரையில் நீளமாகப் பாய் மாதிரி விரித்தார். டாங்கியை அதன் மேல் உருட்டி ஏற்றினார். செயினின் பின்முனையில் அம்மாவின் பூ நூலைக் கட்டி, ஐட்லருக்கு மேலாகவும் சக்கரங்களின் மேலாகவும் முன்னால் கொண்டுவந்து, நூலை இழுத்தார். செயின் தானாக ஏறி, சக்கரங்களின் மேல் ஊர்ந்து முன்னால் வந்தது. முன் பல்சக்கரத்தின் பற்களிலேயே இரண்டு முனையையும் பக்கம் பக்கமாக உட்காரவைத்தார். பல் பிடித்துக்கொள்ளும்போது கை எதற்கு? ஓட்டைகள் நேருக்கு நேர் நின்றன. பின் வெண்ணெயில் நுழைவது போல் நுழைந்தது. அங்கே கம்பிவடமும் சம்மட்டியும், இங்கே பூ நூலும் குண்டூசியும். வேலை ஒன்றுதான் என்றார்.

"எவ்ளோ தொளதொளன்னு இருக்கணும்பா?"

மேல் பக்கச் செயினின் நடுவை விரலால் தூக்கினார். "ஒரு பென்சில் நுழையணும். ரெண்டு பென்சில் நுழையக்கூடாது." நடராஜ் பென்சில்தான் எங்கள் வீட்டு அளவுகோல். நுழைந்தது, ஒன்று.

அந்த வேலை நடந்த இரண்டு நாளில் அப்பா பேசியது, அதற்கு முந்தைய பத்து வருடத்தில் பேசியதைவிட அதிகம். ட்ராக் நீள்கிறது என்கிறார்களே, இரும்பு ரப்பரா நீள? நீள்வதில்லை. பின் தேய்கிறது, பின் நுழைகிற ஓட்டை தேய்கிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம். தொண்ணூறு கண்ணியின் தேய்மானத்தையும் சேர்த்துப் பார், ஒரு கண்ணி நீளம் வந்து நிற்கும். அப்போதுதான் கண்ணியைக் கழற்ற வேண்டும், அதற்கு முன்னால் கழற்றினால் வேறு எதையோ மறைக்கிறோம் என்று அர்த்தம். இதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் பின்னைத் துடைத்துக்கொண்டிருந்தார். அர்ஜுனின் கனம் 58.5 டன், அறுபது வருடம் முந்திய இந்த டைகரின் கனமும் கிட்டத்தட்ட அதேதான், 57 என்று நான் ஒருமுறை படித்துச் சொன்னபோது, "கனம் ஒண்ணா இருக்கலாம். கால் வேற" என்றார். அர்ஜுனைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தம்பிக்குப் புதிய சட்டம் ஒன்று போடப்பட்டது. ரிவர்ஸில் போகும்போது திருப்பக்கூடாது. ரிவர்ஸில் இழுப்பு கீழே போய்விடும், மேல்பக்கம் தொங்கும், அந்த நேரத்தில் திருப்பினால் எந்தச் செயினும் கழலும். அவன் சட்டத்தை மதித்த அழகுதான் வலப்பக்கத்தின் அந்த மூன்று தடவை.

இடப்பக்கம் அதன் பிறகு கழலவேயில்லை என்று எழுத ஆசைதான். கழன்றது. வேப்பங்கொட்டை அடுத்த ஜூனிலும் உதிர்ந்தது. ஆனால் சும்மா கழல்வது நின்றது. கழன்றால் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கையில் கிடைக்கும். 2006இல் இடப்பக்க கியர் பெட்டியின் பற்கள் மழுங்கின, அதற்கு உதிரி கிடைக்கவில்லை. டைகர் பரணுக்குப் போயிற்று. தம்பிக்குக் கிரிக்கெட் வந்துவிட்டது, எனக்குப் பத்தாம் வகுப்பு வரப்போகிறது என்று வீட்டில் பயமுறுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

பின்னாளில் இந்தப் பொம்மைகளின் வரலாற்றை மேய்ந்தபோது ஒரு செய்தி கிடைத்தது. ஜப்பானின் ஷிசுவோகாவில் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியை மோட்டாரோடு ஓடும் மாடலாகச் செய்தபோது, பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டிய இடத்தை வைத்துத்தான் உடலின் அளவை முடிவு செய்தார்களாம். பிறகு கணக்குப் பார்த்தால் முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. இன்று உலகம் முழுக்க ராணுவ மாடல்களுக்கு அதுவே மிகப் பரவலான அளவு. படித்தவுடன் என் டைகரின் பின்சுவர்தான் ஞாபகம் வந்தது. மோட்டாருக்கும் புகைவிடும் டப்பாவுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கில் ஐட்லரை நிறுத்தியிருந்தார்கள்.

போன வருடம் என் மகனுக்கு அதே அளவில் ஒரு டாங்கி வாங்கினேன். அவனுக்கென்றுதான் சொல்லி வாங்கினேன். நீளமான ஏரியல் இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். பிளாஸ்டிக் செயினுக்குப் பதில் உலோகச் செயின். உலோகம் என்றால் எஃகு என்று நினைத்துவிட வேண்டாம், துத்தநாகக் கலவை. கனம் ஜாஸ்தி. அதோடு உலோகப் பல்சக்கரமும் உலோக கியரும் சேர்த்து வாங்கவில்லை என்றால் பிளாஸ்டிக் பல்லை அது ஒரே மாதத்தில் தின்றுவிடும், கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். புதிதில் கண்ணிகள் விறைப்பாக இருக்கும், கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். பின்கள் ஒன்றிரண்டு வெளியே எட்டிப் பார்க்கும், அவ்வப்போது தட்டி உள்ளே தள்ள வேண்டும்.

அபார்ட்மென்ட் வராந்தாவில் மூன்றாம் நாளே கழன்றது. மகன் ரிமோட்டை விடாமல் சுற்றவிட்டுக்கொண்டிருந்தான். இருக்கட்டும் என்று நான் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது, காது கொஞ்சம் மந்தம். "செயின் கழண்டுடுச்சுப்பா" என்று இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"மாத்திப் போட்டுப் பாத்தியா?"

"இன்னும் இல்லப்பா."

"பாத்துட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்.